அமாவாசைக்கு அளந்த கிணறு

1

போன வெள்ளிக்கிழமை என் மேலதிகாரி டக் ஒரு கட்டுக் கடிதத்தை மேஜையில் வைத்து, சாயங்காலத்துக்குள் கையெழுத்துப் போட்டுவிடு என்றார். இங்கே அதிகாரியைப் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். வந்து பன்னிரண்டு வருஷமாகியும் எனக்கு அது வாயில் வரவில்லை. 'சார்' என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

நான் இருப்பது கனடாவின் நடுவில், கோதுமை வயலையும் பனியையும் தவிர வேறெதுவும் கண்ணில் படாத ஒரு மாகாணம். அரசாங்கத்தின் தண்ணீர்த் துறையில், விவசாயிகளின் கிணறுகளில் நீர்மட்டம் அளக்கும் வேலை. இந்த ஆராய்ச்சிக்கு அரசாங்கம் நான்கு வருஷத்துக்குப் பணம் ஒதுக்கியிருந்தது. இந்த மார்ச்சோடு அது முடிகிறது. நீட்டிக்கக் கேட்டார்கள், கிடைக்கவில்லை. உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும் ஆராய்ச்சிக்காரனுக்கு மார்ச் மாதம் மார்ச் மாதம்தான் போலிருக்கிறது.

கடிதத்தில் இருந்தது நாலே வரி. உங்கள் கிணற்றை அளக்க இடம் கொடுத்ததற்கு நன்றி. பணம் முடிந்துவிட்டதால் இனிமேல் வரமாட்டோம். நான்கு வருஷ அளவுகளை இத்துடன் இணைத்திருக்கிறோம். சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள். கிணற்றுக்கு ஒன்றாக, ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு கடிதம்.

பத்துப் பதினைந்து கையெழுத்துவரை சரளமாகப் போட்டேன். அப்புறம் பேனா ஓடவில்லை. பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றேன். இப்படி நாலு வரி எழுதிப்போட ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரமாகும்? ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷம், ஊரைவிட்டுக் கிளம்பிய அன்றைக்கு எனக்கு இல்லாமல் போயிற்றே.

இந்த வாரம் ஒரு விவசாயியின் மனைவி போன் பண்ணினாள். கடிதம் வந்ததாம், சொன்னதற்கு நன்றியாம். பேசி முடித்துவிட்டு, நம் ஊர்ப் பழக்கத்தில் "போயிட்டு வரேன்" என்பதை அப்படியே இங்கிலீஷில் சொல்லிவைத்தேன். அவள் ஒரு கணம் தயங்கி, "எப்போது வருகிறாய்? கேக் ஏதாவது செய்து வைக்கிறேன்" என்றாள். வரமாட்டேன் அம்மா, அது ஒரு பேச்சுக்குச் சொல்வது என்று விளக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

2

ஊரை நினைத்து உருகுகிற ஜாதி இல்லை நான். ஊர்க்காரர்கள் யாராவது உருகி எழுதினால் பக்கத்தைத் திருப்பிவிடுவேன். ஆனால் இந்தக் கடிதக் கட்டு என்னைச் சும்மா இருக்க விடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் திருமானூர்ப் பக்கம். கொள்ளிடக்கரை. கையால் மணலைத் தோண்டினால் தண்ணீர் சுரக்கிற இடத்தில் பிறந்து வளர்ந்தவன். ஜியாலஜியில் எம்.எஸ்சி. முடித்துவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தபோது, எழுபதுகளின் கடைசியில், ஒரு கல்லூரியில் நிலத்தடி நீர் ஆராய்ச்சித் திட்டம் ஒன்றில் வேலை கிடைத்தது. பணம் டெல்லியிலிருந்து. மூன்று வருஷத் திட்டம். ஆனால் மூன்று வருஷத்துக்கும் சேர்த்துத் தரமாட்டார்கள். ஒவ்வொரு வருஷமும் அறிக்கை கொடுத்து, ஒரு கமிட்டி பார்த்துச் சரி என்றால்தான் அடுத்த வருஷத்துப் பணம் வரும்.

என்னைப் பெரம்பலூரில் போட்டார்கள். குரும்பலூரைச் சுற்றி ஒன்பது கிணறுகள் என் பொறுப்பு. மாதம் இரண்டு தடவை சைக்கிளில் போய் நீர்மட்டம் அளக்க வேண்டும். டேப்பின் முனையில் சுண்ணாம்புக்கட்டியைத் தேய்த்துக் கிணற்றுக்குள் இறக்குவேன். தண்ணீர் தொட்ட இடம் வரைக்கும் வெள்ளை கறுத்துவிடும், அதை வைத்துக் கணக்கு. அந்தக் கிணறுகளை முதல் தடவை எட்டிப் பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. பாறையை வெட்டி வெட்டி இறக்கியிருந்தார்கள். அடியில் ஒரு அண்டாத் தண்ணீர் கிடந்தது. எங்கள் ஊரில் அதை யாரும் கிணறு என்றே சொல்லமாட்டார்கள்.

ஒன்பதில் ஒன்று கலியனுடையது. அவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்த குடும்பம். அவர்தான் முதன்முதலில் முக்கால் ஏக்கர் வாங்கியவர். கிணற்றை அவரும் அவர் மனைவி அஞ்சலையும் அவருடைய இரண்டு தம்பிகளுமாக ஏழு கோடை வெட்டினார்களாம். என் அப்பாவாக இருந்தால் "ஏய் கலியா" என்று கூப்பிட்டிருப்பார். நான் "வாங்க, உக்காருங்க" என்றதற்கே அந்த மனிதர் கூசிப்போனார்.

"எங்கெணத்தப் போயி கவர்மெண்டு அளக்குதுன்னா சும்மாவா சார்? ஊர்ல எத்தன பெரிய கெணறு இருக்கு!" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கிணற்றுமேட்டில் நான் சிவப்புப் பெயின்டால் வைத்த புள்ளியை மாடு உரசிவிடாதபடி முள் வெட்டிப் போட்டு வைத்திருந்தார்.

3

டெல்லியிலிருந்து வந்த உத்தரவு, மாதத்தின் முதல் தேதியும் பதினைந்தாம் தேதியும் அளக்க வேண்டும் என்பது. முந்தின நாள் மாலையிலிருந்து தண்ணீர் இறைக்காமல் இருந்தால்தான் அளவு சரியாக வரும். நானும் ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டுத்தான் வருவேன். ஆனால் எந்த முதல் தேதி போனாலும் கிணறு அப்போதுதான் இறைத்துக் கலங்கிக் கிடக்கும். மூன்று மாதம் இப்படியே போயிற்று. ஒருநாள் எனக்குக் கோபம் வந்து கலியனிடம் கத்திவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஒண்ணாந்தேதி எப்ப வருது, எப்ப போவுதுன்னு மாசச் சம்பளக்காரவுங்களுக்குத் தெரியும் சார். எங்களுக்கு எங்க தெரியுது? நீங்க அமாவாசைக்கி வாங்க. அமாவாசையன்னிக்கி எவனும் மாடு பூட்டமாட்டான். கெணறு சாமி மாதிரி அசையாம இருக்கும்."

"மாசத்துக்கு ரெண்டு தடவை அளக்கணுமே?"

"பவுர்ணமிக்கும் வாங்க. அன்னிக்கி ஒங்களுக்காவ நாங்க எறைக்காம இருக்கோம். மத்தவுங்களுக்கும் நான் சொல்லிப்புடறேன்."

அட, இது என் மண்டையில் ஏறவில்லையே என்று நினைத்தேன். ஒன்பது கிணறும் மாட்டைப் பூட்டி, தோல் சாலில் தண்ணீர் மொண்டு கவலை இறைக்கிற கிணறுகள். அன்றிலிருந்து அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சைக்கிளை எடுத்தேன். கலியன் சொன்னபடி ஒன்பது கிணறும் அசையாமல் இருந்தன. ஒரு அங்குல வித்தியாசம்கூடத் தெரிந்தது. அந்த வட்டாரத்தில் அதுவரை யாரும் அவ்வளவு சுத்தமாக அளந்திருக்கமாட்டார்கள். இதை இன்றைக்கும் மார்தட்டிச் சொல்வேன்.

அமாவாசைக்கு மாடு பூட்டாதது வழக்கம். பௌர்ணமிக்கு இறைக்காதது எனக்காக. கோடையில் சின்ன வெங்காயம் போட்டிருக்கும்போது ஒருநாள் தண்ணீர் தவறினால் தாள் சுருண்டுவிடும். அஞ்சலை வரப்பில் நின்று வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. புருஷனிடம் மட்டும் முணுமுணுப்பாள்.

அவர்கள் சும்மா பொறுத்துக்கொள்ளவில்லை, அதற்கு ஒரு காரணம் இருந்தது. மூன்றாம் வருஷப் பணத்தில் ஒரு இடத்தில் ஆழ்துளை போட்டுச் சோதிக்க வேண்டும் என்று திட்டத்தில் இருந்தது. சோதனை முடிந்தபின் துளை நிலத்துக்காரருக்கே. அளவுகளைப் பார்த்ததில் கலியன் நிலம்தான் சரியான இடம் என்று பட்டது. எங்கள் திட்டத் தலைவர், அந்தக் கல்லூரியின் பேராசிரியர், ஜீப்பில் வந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். நான் நாலு கல்லை நட்டு அடையாளம் வைத்தேன்.

"எப்ப சார் மெசினு வரும்?"

"அடுத்த சித்திரையில பணம் வந்துரும். வந்ததும் மொதல் வேலை உங்க நெலம்தான்."

இதை நான் வாயால் சொன்னேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. அந்த வருஷம் கலியன் கிணற்றை ஆழப்படுத்தக் கடன் வாங்குவதாக இருந்தார். மெஷின் வருகிறதே என்று அதை விட்டுவிட்டார். நாலு கல்லுக்கு நடுவில் விதை போடவில்லை.

4

இனி என் லட்சணத்தைக் கேளுங்கள்.

அறிக்கைக்கு டெல்லியிலிருந்து அச்சடித்த படிவம் வந்தது. மாதத்துக்கு இரண்டு கட்டம். ஒன்றின் தலையில் 1, இன்னொன்றின் தலையில் 15. என் களக்குறிப்பு நோட்டில் இருந்ததோ 7, 22, 6, 20 என்று அமாவாசையும் பௌர்ணமியும் விழுந்த தேதிகள். படிவத்தின் ஓரத்தில் 'குறிப்பு' என்று ஒரு பத்தி காலியாக இருந்தது. மாட்டுக் கவலை ஓடாத நாளில் அளந்தோம், காரணம் இது, தேதிகள் இவை என்று இரண்டு வரி எழுதியிருந்தால் முடிந்தது கதை.

எழுதவில்லை. வெட்கம். டெல்லியில் பெரிய பெரிய டாக்டர்கள் படிக்கிற அறிக்கையில், விஞ்ஞானம் படித்தவன் அமாவாசை பார்த்துக் கிணறு அளந்தான் என்று எழுதுவதா? பஞ்சாங்கம் பார்த்து ஆராய்ச்சி பண்ணுகிறான் என்று சிரிக்கமாட்டார்களா? திருமானூர்ப் பக்கத்திலிருந்து வந்த பட்டிக்காட்டான் என்று என் நெற்றியில் எழுதி ஒட்டியதுபோல் எனக்கு எப்போதும் ஒரு நினைப்பு. அமாவாசை அளவை ஒன்றிலும் பௌர்ணமி அளவைப் பதினைந்திலும், சில மாதம் மாற்றியும், எது கிட்டத்தில் இருக்கிறதோ அந்தக் கட்டத்தில் போட்டேன். அளவெல்லாம் உண்மை. தேதி மட்டும் பொய். ஐந்தாறு நாள் முன்னே பின்னே இருந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று நினைத்தேன்.

முதல் வருஷம் யாரும் பார்க்கவில்லை. இரண்டாம் வருஷ முடிவில் கமிட்டி நேரிலேயே வந்தது. மூன்று பேர். அதில் ஒருவர் ரொம்பச் சாது, குரலே எழும்பாது. தாலுகா ஆபீஸ் மழைக்கணக்கையும் என் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டார். ஐப்பசியில் ஒரு நல்ல மழை. அது பெய்த தேதி மழைக்கணக்கில் நவம்பர் ஐந்து. நான் அளந்தது ஏழாம் தேதி, ஆனால் என் அறிக்கைப்படி ஒன்பது கிணறும் முதல் தேதியே ஏறியிருந்தன.

"மழைக்கு நாலு நாள் முன்னாடியே கிணறு ஏறியிருக்கே, எப்படி?" என்று இங்கிலீஷில், சிரிக்காமல் கேட்டார்.

உண்மையான நோட்டு என் தோள்பையில், என் மடிமேலேயே இருந்தது. எடுத்து நீட்டியிருக்கலாம். திட்டியிருப்பார்கள், சிரித்திருப்பார்கள், ஒருவேளை பாராட்டியும் இருப்பார்கள். பேராசிரியர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "காப்பி பண்ணும்போது தப்பாயிருக்கும் சார்" என்றேன். அந்தச் சாது மனிதர் இன்னும் நாலு இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். எல்லா இடத்திலும் அதே கதை. அவர் அறிக்கையை மூடிவிட்டார்.

இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. அளவுகளை நம்ப முடியவில்லை, மேற்கொண்டு பணம் கொடுப்பதற்கில்லை. பேராசிரியர் என்னைத் திட்டவில்லை. "போகட்டும்ப்பா, ஒன் எதிர்காலத்தைப் பாரு" என்றார். நீர் ஆராய்ச்சிக்கு அரசாங்கம் பணம் கொடுப்பதில்லை என்று நம்மவர்கள் கூட்டம் போட்டுப் பேசும்போது நான் வாயைத் திறப்பதில்லை. கொடுத்த பணத்தைக் கெடுத்தவன் நான்.

என் எதிர்காலத்தை நான் பார்த்துக்கொண்டேன். அந்த வருஷமே கனடாவில் படிக்க இடம் கிடைத்தது, அதுவும் 'இரண்டு வருஷக் கள அனுபவம்' என்று எழுதியதால். ஒன்பது பேரில் ஒருவருக்கும் சொல்லவில்லை. பெரம்பலூரில் அறையைக் காலி பண்ணிய அன்று குரும்பலூர் பஸ் கண்ணெதிரில்தான் நின்றது. ஏறவில்லை. போய் என்னவென்று சொல்வது?

5

என் மகளுக்கு எட்டு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். இரண்டு வருஷம் முன்புவரை பாதிப் பாதியாக இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது. என் மனைவி ஊரிலிருந்து தினசரிக் காலண்டர் வரவழைத்து மாட்டியிருக்கிறாள். அது தபாலில் வந்து சேரும்போதே மாசி பாதி முடிந்துவிடும். மகள் அதன் தாளைக் கிழித்துப் பின்பக்கம் படம் வரைகிறாள். அமாவாசை என்றால் என்னவென்று கேட்டால், அம்மா வடை சுடுகிற நாள் என்பாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். என்ன ஆயிற்று என்று விடாமல் கேட்டாள். சரி, கதையாகச் சொல்லிவைப்போம் என்று கலியன், மாடு, வெங்காயம், மழைக்கணக்கு எல்லாம் சொன்னேன். தமிழில்தான் சொன்னேன். பாதி புரிந்திருக்குமோ என்னவோ, ஆனால் கேட்ட கேள்வி சரியான கேள்வி.

"நீ சரியாத்தானே அளந்தே? அப்புறம் ஏன் மறைச்சே?" என்றாள் இங்கிலீஷில்.

"பயம்" என்றேன்.

"யாருக்கு?"

இங்கே பள்ளிக்கூடத்தில் தெரியாது என்று சொன்னால் டீச்சர் கைதட்டுகிறாள். அப்படி வளர்கிற பிள்ளைக்கு நான் என்னத்தைச் சொல்லிப் புரியவைப்பது?

"அந்த ஆளைப் பாத்து ஸாரி சொன்னியா?"

"ஹோம்வொர்க் இருக்கா உனக்கு?" என்று எழுந்துவிட்டேன். என் மனைவி அடுப்படியிலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்குத் தெரியும். கலியனை மறுபடி பார்த்த அன்றைக்கு அவளும் கூட இருந்தாள்.

6

மகளுக்கு ஒரு வயது ஆனபோது, மொட்டை போட்டுக் காது குத்த ஊருக்குப் போயிருந்தோம். திருமழபாடிக் கோயிலில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. மாமனார் வீடு அரியலூரில். மறுநாள் திருச்சி போவதற்காக அரியலூர் பஸ் ஸ்டாண்டில் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தோம்.

"சார்... அளவு சார்!"

அந்தப் பேரில் என்னைக் கூப்பிடுகிறவர்கள் ஒன்பது வீட்டுக்காரர்கள்தான். திரும்பினால் கலியன். தலைமுடி, புருவம், வேட்டி எல்லாம் சுண்ணாம்புக்கல் தூள் படிந்து வெள்ளையாக இருந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு சுத்தியலையும் தூக்குவாளியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். அவளும் அப்படியேதான் இருந்தாள். திட்டுவார், நாலு பேர் முன்னால் சட்டையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். பிடிக்கட்டும் என்றும் இருந்தது.

"நல்லாருக்கீங்களா சார்? இது பாப்பாங்களா? அடடா, ராசாத்தி" என்று கையை நீட்டியவர், தூள் ஒட்டிவிடும் என்று பின்னாலேயே இழுத்துக்கொண்டார்.

"நீங்க... இங்க எங்க?"

"கல்லு ஒடைக்க வந்துர்றோம் சார். வாரத்துக்கு ஒருக்காத்தான் வூட்டுக்குப் போறது. கெணறு சுத்தமா வத்திப்போச்சு. மாட்டை வித்தாச்சு. நெலம் சும்மாதான் கெடக்கு. நீங்க வச்ச கல்லு மட்டும் அப்பிடியே இருக்கு, அதுக்குள்ளாற நான் கால்கூட வைக்கல."

அவர் கிட்டத்தில் வந்து, என் மனைவிக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சார், ஒங்ககிட்ட ஒரு விசியம் சொல்லணும்னு இத்தினி வருசமா நெனச்சுக்கிட்டே இருக்கேன். ஒங்கள எங்க தேடறதுன்னும் தெரியல. கோவிச்சுக்காதீங்க."

"சொல்லுங்க."

"அந்தக் கடைசி வருசம் பங்குனிப் பவுர்ணமி. வெங்காயம் தலை சாஞ்சு போச்சு சார். இவ அழுவுறா. நீங்க வர்றதுக்கு முந்தி விடிகாலைல நாலே நாலு சால் எறைச்சுப்புட்டேன். நீங்க வந்து அளந்தீங்க, எழுதிக்கிட்டீங்க. நான் வாயத் தொறக்கல. அதுலதான் கணக்குத் தப்பாயி, மெசினு வராமப் போயிருச்சு. இல்ல சார்? ஒங்களுக்கும் வேல போயிருச்சுன்னு சொன்னாங்க. படிச்ச புள்ள பொழப்பக் கெடுத்துப்புட்டோமேன்னு நாங்க ரெண்டு பேரும் பேசாத நாளு கெடயாது."

அவர் கண் கலங்கியிருந்தது. கன்னத்துச் சுண்ணாம்பில் தண்ணீர் கோடு போட்டிருந்தது.

நாலு சால் தண்ணீர். அது எந்தக் கணக்கையும் கெடுத்திருக்காது. அப்படி ஒன்று நடந்ததே எனக்குத் தெரியாது. உங்கள் கிணறு சரி, நீங்கள் சொன்ன நாள் சரி, நான்தான் கெடுத்தேன் என்று சொல்ல வேண்டும். என் மனைவி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் அதுவரை நான் இந்தக் கதையைச் சொன்னதில்லை. கனடாவில் வேலை, நல்ல சட்டை, கழுத்தில் சங்கிலி போட்ட குழந்தை. திருச்சி பஸ் திரும்பி உள்ளே வந்துகொண்டிருந்தது.

"பரவால்லங்க. ஒரு நாளுதானே, விடுங்க" என்றேன்.

கலியன் என் முகத்தையே பார்த்தார். நிஜமாகத்தான் சொல்கிறேனா என்று பார்த்திருப்பார். பிறகு பெரிதாக மூச்சை விட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தள்ளி உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"ஏ புள்ள, சார் மனசுல ஒண்ணும் வச்சுக்கலயாம்!"

அஞ்சலை தூக்குவாளியை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து நின்று, என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.